குசினி யன்னலும் நான்கு வரிகளும்

1.

இந்தக் கதையை நானாகத் தொடங்கவில்லை. சுவிஸின் சோலோதுர்னில் இருந்து தமிழ் இணைய இதழ் நடத்தும் நித்தியானந்தன் அண்ணை 2020 ஜூலையில் தொலைபேசியில் கேட்டார்:

"அமெரிக்காவில கறுப்பின ஆக்கள் உரிமை கேட்டு அடிவாங்கின காலத்தைப் பற்றி ஒரு கதை தாரும். எங்கட சனமும் அறியட்டும். அனுப்பின அண்டைக்கே போடுவன்."

ஓம் என்றேன். நான் அமெரிக்கா போனதில்லை. அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

2.

முதல் தொடக்கம்: "1963. அலபாமாவில் வெயில்" [வேண்டாம். எல்லாரும் வெயிலில்தான் தொடங்குகிறார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: வெள்ளையருக்கு மட்டுமான உணவகத்தில் போய் அமர்ந்த கறுப்பின இளைஞனை மூன்று பேர் பின்முற்றத்துக்கு இழுத்துப்போய் அடிக்கிறார்கள். பாத்திரம் கழுவும் வெள்ளையன் ஜோன் கழுவும் இயந்திரத்தின் மூடியைத் தூக்குகிறான். ஆவி கலைந்ததும் யன்னலால் எல்லாவற்றையும் காண்கிறான். பிறகு நீதிமன்றத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சாட்சி சொல்கிறான்.

ஜோனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

3.

மனைவி யோகாம்பாள் வாசித்தாள்.

"அமெரிக்காவில அந்தக் காலத்திலயும் உந்த மெசினோ? உது நீங்கள் கழுவிற டாவோஸ் ஹோட்டல் குசினியெல்லோ. நானும் மூண்டு வருசம் உதில கழுவினனான்."

"கதைக்கு ஒரு குசினி வேணும்தானே."

"குசினி இருக்கட்டும். உந்த ஜோன் ஆர்? நீங்கள் அண்டைக்கு வாயே திறக்கேல்லையே."

ஜோனை வெட்டிவிட்டேன்.

4.

சரி. 2020 ஜனவரி, பகல் இரண்டரை மணி. அந்த டாவோஸ் குசினியில் நானும் ஆபிரிக்காவின் காம்பியாக்காரனான லமினும். சுவிஸ் குடியுரிமை நேர்காணலுக்காக நான் இருபத்தாறு கன்டோன்களின், அதாவது மாநிலங்களின், பெயர்களையும் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். குப்பை கொண்டுபோவது அன்று என் முறை. "நீ படி" என்று வாளியை லமின் பின்முற்றத்துக்கு எடுத்துப்போனான். நான் பதினொன்றாவது பெயருக்கு, சோலோதுர்னுக்கு, வந்தபோது பனிச்சறுக்கு உடுப்போடு மூன்று பேர் அவனுடைய நிறத்தைச் சொல்லித் திட்டியபடி விழுத்தி உதைத்தார்கள். குசினி யன்னலால் மூன்று முகங்களும் தெரிந்தன. சப்பாத்து அவன் இடது கண்ணில் [இந்த வசனத்தை நான்கு தடவை தொடங்கிவிட்டேன்.]

பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார். கேள்வி முடியும் முன்பே "ஒன்றும் காணவில்லை" என்றேன்.*

* யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடிகளில் பழகிய பதில். அங்கே அது என் உயிரைக் காத்தது. டாவோஸில் என் உயிருக்கு ஓர் ஆபத்தும் இருக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரியில் நேர்காணல். இருபத்தாறையும் வரிசை பிசகாமல் சொன்னேன். பாராட்டினார்கள்.

5.

லமினுக்கு இப்போது இடது கண் தெரியாது. போன கிழமை அவனுடைய வழக்கறிஞரிடமிருந்து ஜெர்மனில் கடிதமும் ஒரு படிவமும் வந்தன. சாட்சி இல்லாவிட்டால் வழக்கை மூடிவிடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். "நீங்கள் கண்டது என்ன?" என்ற படிவக் கேள்விக்குக் கீழே நான்கு வெற்று வரிகள். கண்டேன் என்று எழுதினால் முன்பு சொன்னது பொய் என்றாகும். எனக்குக் குடியுரிமைக் கடிதம் இன்னும் வரவில்லை.

"என்ன செய்யப்போறியள்?" என்றாள் யோகாம்பாள்.

"முதல்ல கதையை முடிப்பம்."

"அதுக்குத்தான் கதை எழுதுறியளோ?"

முடிவு அ: நான்கு வரிகளையும் நிரப்பித் தபாலில் போடுகிறேன்.

முடிவு ஆ: படிவத்தை மடித்து

இரண்டையும் எழுதி முடிக்க என்னால் இயலவில்லை. நடந்ததை ஒளிக்காமல் இங்கே சொல்லிவிட்டேன், தமிழில். அந்த வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. அது தெரிந்துதான் எழுதினேன்.

ஆனால் அண்ணை இதை இன்றைக்கே போட்டுவிடுவார், வாசிக்கிற உங்களில் பலருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். இன்று புதன்கிழமை.