பூஅஸா எழுதிய நான்காவது ஆட்டம்

பூஅஸாவை எங்கள் கால்பந்துப் பந்தயச் சீட்டிலிருந்து கழற்றிவிடுவது என்று நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்த வெள்ளிக்கிழமை, அவன் கூஸ்கூஸ் சாப்பிட்ட வாயைத் துடைத்துக்கொண்டே காபிக்கடைக்கு வந்து சேர்ந்தான். மொராக்கோவின் லராச்சில் டாக்ஸி ஓட்டுகிறவன். தங்கமான மனுஷன். ஆனால் பந்தயம் என்று வந்துவிட்டால் அவனைப் போல் ஒரு ராசியில்லாதவனை நான் பார்த்ததே இல்லை.

ஆளுக்கு ஐம்பது திர்ஹாம், ஆளுக்கு ஒரு ஆட்டம், நான்கும் ஒரே சீட்டில். இதுதான் எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை பேசி எழுதுவோம். தொழுத கையோடு சூதாடக்கூடாது என்று சனிக்கிழமை காலையில்தான் பந்தயக் கடையில் கட்டுவோம். இதனால் பாவம் எவ்வளவு குறைகிறது என்று யாரும் கேட்டதில்லை. நான்கில் ஒன்று பொய்த்தாலும் சீட்டைக் கிழித்துப் போட வேண்டியதுதான். பூஅஸாவோ வாராவாரம் எங்கள் ஊர் அணி ஜெயிக்கும் என்றே எழுதுவான். அது இரண்டாம் பிரிவின் அடிமட்டத்தில் கிடக்கும் அணி. எப்போதாவது அது ஜெயித்தால், அந்த வாரம் பார்த்து இவன் காய்ச்சலில் படுத்திருப்பான், சீட்டில் எழுதியிருக்க மாட்டான்.

"தப்பா எடுத்துக்காதடா. இந்த வாரம் நாங்க மூணு பேர் மட்டும் போட்டுக்கறோம்," என்றான் மருந்துக்கடை முஃபத்தல்.

"ஏன், என் காசு செல்லாதா?"

"காசு செல்லும். உன் டீம்தான் செல்லாது."

"என் டீமுக்குத்தானேடா ஒண்ணுக்கு ஏழு தர்றான். உங்க ரெண்டையும் மூணையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

"அதுவும் சரிதான்," என்றான் முடிதிருத்தும் அயாஷி. "ஏழையும் சேத்துக் கூட்டினா..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாகப் பணம் கட்டுகிறவன் பேசுகிற பேச்சா இது?

"கூட்டறதில்லடா, பெருக்கறது. நல்லாக் கேளு. உன் ஆட்டத்துக்கு ஒண்ணுக்கு ரெண்டு. நம்ம நாலு பேர் காசு இருநூறு, அது நானூறாகும். அந்த நானூறு நம்ம கைக்கு வராது. அப்படியே முஃபத்தலோட ஆட்டத்து மேல போய் உக்காரும். அங்க ஒண்ணுக்கு மூணு, ஆயிரத்து இருநூறு. அது மொத்தமும் என் ஆட்டத்து மேல ஏறும். எனக்கு ரெண்டரை, மூவாயிரம். நீ சொல்ற மாதிரி கூட்டினா இதுல பாதிதான் வரும்."

"அப்ப என் ஏழு மேல ஏறினா இருபத்தோராயிரம்," என்றான் பூஅஸா.

"உன் டீம் ஜெயிச்சா. தோத்தா மூவாயிரத்தைப் பூஜ்யத்தால பெருக்கு. எவ்வளவு?"

பூஅஸா புதினாத் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அப்ப நான் தப்பா எழுதினா, போறது என் அம்பது மட்டும் இல்ல. உங்க மூணு பேரு ஜெயிச்சதும் சேந்து போகுது. அப்படித்தானே லர்பி?"

"இத்தனை நாள் அதைத்தானடா கத்திக்கிட்டிருக்கேன்."

"சரி. என்னைச் சேத்துக்குங்க. எதிர் டீம் ஜெயிக்கும்னு எழுதறேன்."

ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது பருவத்தின் கடைசி ஆட்டம். எதிரே வருவது பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் அணி. எங்கள் அணி ஜெயித்தால் தப்பிக்கும். தோற்றாலும் சமன் செய்தாலும் மூன்றாம் பிரிவுக்குப் போய்விடும். அங்கே போன அணி திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. மச்சினன் கல்யாணத்தையே பாதியில் விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க ஓடியவன் இப்படிச் சொன்னதும் எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதானே. எதிரணிக்கு ஒரு திர்ஹாமுக்கு ஒரு திர்ஹாம் நாற்பது காசுதான். அற்பம்தான், ஆனால் மூவாயிரத்தின் மேல் ஏறும்போது அந்த நாற்பது காசு ஆயிரத்து இருநூறு திர்ஹாம் ஆகிவிடும். மொத்தம் நாலாயிரத்து இருநூறு. ஒருவழியாக இவனுக்குப் புத்தி வந்ததே என்று முதுகில் தட்டிக் கொடுத்தோம்.

சனிக்கிழமை எங்கள் மூன்று ஆட்டமும் சொல்லி வைத்தாற்போல் பலித்தன. மிச்சம் இருந்தது பூஅஸாவுடையது மட்டும்.

சொந்த ஊர் மைதானத்தில், சொந்த ஊர்க்காரர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, சொந்த ஊர் தோற்க வேண்டும் என்று ஆசைப்படுவது சாதாரண வேலையில்லை. எதிரணி முதல் கோலைப் போட்டபோது அயாஷி சூரியகாந்தி விதைப் பொட்டலத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தான். முஃபத்தல் ஊருக்காகத் தலையில் அடித்துக்கொண்டே என் காலை மிதித்து மகிழ்ச்சியைத் தெரிவித்தான். பூஅஸா மட்டும் எங்கள் அணியின் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மகள் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன் போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். ஊர் மூழ்கப்போகிறது, இவனுக்கு என்ன வந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

இரண்டாம் பாதியில் எங்கள் பையன் ஒருவன் தலையால் முட்டிச் சமன் செய்தான். மைதானம் அதிர்ந்தது. சீட்டு இன்னும் சாகவில்லை, எதிரணி இன்னொன்று போட்டால் போதும். நேரம் ஓடியது. இப்படியே முடிந்தால் பணமும் போகும், அணியும் போகும். அயாஷி விதையைத் தோலோடு மென்றுகொண்டிருந்தான்.

கடைசி நிமிடம். எங்களுக்குக் கிடைத்த கார்னரிலிருந்து வந்த பந்து எங்கள் தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவனின் முழங்காலில் பட்டது. அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து உருண்டு, எல்லோருடைய காலுக்கு இடையிலும் புகுந்து, எதிரணியின் வலைக்குள் போய் நின்றது.

நான் எழுந்து நின்று கத்தினேன். யாரென்றே தெரியாத ஒரு தாடிக்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். முஃபத்தல் பெஞ்சின் மேல் ஏறி ஆடினான். அயாஷி அழுதான். நாலாயிரத்து இருநூறு திர்ஹாம் போனது எங்கள் மூவருக்கும் தெரியும். ஆனால் எழுவதற்கு முன் எங்கள் கால்கள் எங்களைக் கேட்கவே இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் காசை இழந்ததில்லை.

வெளியே வரும்போதுதான் முஃபத்தல் பூஅஸாவின் சட்டையைப் பிடித்தான். "ஜெயிக்கும்னு எழுதினா தோக்குது, தோக்கும்னு எழுதினா ஜெயிக்குது. உன்னை என்னடா பண்றது?"

"அதுக்குத்தானே எழுதினேன்," என்றான் பூஅஸா. "நான் எழுதினது என்னைக்குப் பலிச்சிருக்கு?"

மூன்று பேரும் நின்றுவிட்டோம். ஊதுகுழல்களை ஊதிக்கொண்டு கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது.

"அப்படின்னா தனியா ஒரு சீட்டுல எழுதித் தொலைச்சிருக்கலாமேடா," என்றேன். "எங்க காசை ஏன் இழுத்து விட்டே?"

"தனியா எழுதினா போறது வெறும் அம்பதுதானே லர்பி. அம்பதைத் தோக்கறதுக்கெல்லாம் முதல் இடத்து டீம் எதுக்கு மசியும்?" அவன் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டான். "நீதானே கணக்கு சொல்லிக் குடுத்தே. உங்க மூணு பேரு ஜெயிப்பையும் ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தி, நாலாயிரத்து இருநூறாக்கி, அதுக்கு மேல என் ராசியை உக்கார வச்சேன். அவ்வளவு பெரிய நஷ்டத்துக்கு ஒரு கோல்கூடவா வராது?"