கல்லறைக்கு ஏற்ற வருஷம்

கணக்கு வாத்தியார் டெஷோவுக்குப் பித்தப்பையில் கல். அறுத்து எடுக்காவிட்டால் கிறிஸ்துமஸ் தாண்டாது என்று சர்ஜன் சொன்னபோது, நல்ல சேதி கேட்டவர்போலத் தலையாட்டினார்.

காரணம் இடுகாட்டில் நின்றது. ஹங்கேரியில் அவர்கள் ஊரான மாக்கோவின் வழக்கப்படி புருஷன் பெண்சாதி இருவர் பெயரையும் வெட்டி, கல்லை முன்கூட்டியே நட்டாயிற்று. அவர் பெயருக்குக் கீழே ‘1908–19’. கடைசி இரண்டு இலக்கம்தான் பாக்கி. நடப்பது 1967. ஒட்டிப் படித்தால் 19081967. நாலாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்துவிட்டார். ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. ஆக, இது எதாலும் வகுபடாத பகா எண்.

“தபால் மாஸ்டர் பாவம், அறுபத்தஞ்சாம் வருஷம் போய்ச் சேர்ந்தான். போற வர்றவன் எல்லாம் அஞ்சால வகுத்துட்டுப் போறான்” என்றார்.

“அதுக்காகச் சாவியா, கிழவா?” என்றாள் மனைவி எடெல்கா.

“இப்படி ஒரு எண் வாசல்ல வந்து நிக்குது. போயிட்டு வான்னு சொல்லவா?” என்றபடி, டாக்டர் கூடாது என்ற பன்றிக் கொழுப்பை ரொட்டியில் தடிமனாகத் தடவிக்கொண்டார்.

எடெல்கா அழுது பார்த்தாள். எடுபடவில்லை. அவரிடம் எடுபடுவது வகுத்தல் ஒன்றுதான்.

செப்டம்பரில் பிளம் ஜாம் கிண்டினாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை துடுப்பு நிற்கக் கூடாது. வலக்கை கிண்ட, இடக்கை கொட்டகைக் கதவில் சாக்கட்டியால் அந்த எண்ணை வகுத்தது. ஏழில் தொடங்கினாள். மூன்று நாள், மூன்று கொப்பரை. கதவு நிறைந்து, சுவர் நிறைந்து, கோழிக்கூண்டும் நிறைந்தது. நூற்றுமூன்றாவது வகுத்தலில் துடுப்பைக் கீழே வைத்தாள்.

“ஐந்நூத்தி எழுபத்தேழு” என்றாள். “முப்பத்து மூவாயிரத்து எழுபத்தொண்ணு தரம் போகுது.”

“மீதி?”

“சைபர்.”

“அதை நான் வகுத்தேன். மீதி நூறு.”

“கழிக்கும்போது கடன் வாங்க மறந்திருப்ப. பசங்க காதைத் திருகுவியே, அதே தப்பு.”

டெஷோ கூண்டின் முன் குந்தி மூன்று தடவை போட்டுப் பார்த்தார். கோழிகளும் பார்த்தன. எழுந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“இதை யார்கிட்டயும் சொல்லாதே.”

“நான் எதுக்குச் சொல்லணும்? கல்லுல வெட்டிட்டா ஊரே வகுத்துக்கும்.”

“என் பையை எடு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

சர்ஜன் அவருடைய பழைய மாணவன். மேஜையில் படுத்தபடியே டெஷோ அவன் சட்டையைப் பிடித்தார். “டேய், டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் நான் சாகக் கூடாது. மானம் போயிடும்.”

“எனக்கும்தான் சார். கையை விடுங்க.”

மயக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி: “என்ன வருஷம்?”

“அறுபத்தேழேதான்” என்றாள் எடெல்கா, உப்பில்லாத காரட் சூப்பை நீட்டி. அவர் முகம் சுளித்தார். ஆனால் கடைசிக் கரண்டிவரை குடித்தார்.

“அடுத்த வருஷம் எப்படி?” என்று கேட்டாள்.

“இரட்டைப்படை” என்றார், துக்கத்தோடு.

“அப்போ மாத்திரையையும் முழுங்கு.”