எட்டிப் பார்க்கும் கிளாஸ்

போடி கடைவீதியில் ஜாவாவில் புரோகிராம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் ஜெஸ்லின். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் யாராவது சர்க்கரை என்றால் இனிக்கத்தானே செய்யும்? அந்த இனிப்பில்தான் போன ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல எழுந்து, பெங்களூர்க் கம்பெனியில் கர்த்தர் தனக்கு வேலை தந்துவிட்டார் என்று அளந்துவிட்டாள். கர்த்தர் அதுவரை தந்திருந்தது எழுத்துத் தேர்வில் பாஸ் மட்டும். இன்னும் ஒரு புரோகிராம் எழுதி, வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். அதில் தவறினால் வேலையும் போச்சு, மானமும் போச்சு.

புரோகிராம் என்னவோ சின்னதுதான். இட்டரேட்டர் என்று ஒரு கிளாஸ், அதாவது தயாராக எழுதிய புரோகிராம் துண்டு, கொடுத்திருந்தார்கள். வரிசையில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். தந்ததைத் திரும்ப வாங்காது. அதை நீட்டிப் புதிதாக ஒரு வேலை சேர்க்க வேண்டும். அடுத்து வரப்போவதை எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஆனால் எடுத்துவிடக் கூடாது.

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நம் மகாராணி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத்தான் அப்பாவின் ஏலக்காய்க் கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ஓடவிட்டால், பத்து எண்ணுக்கு ஐந்துதான் வந்தது. கம்ப்யூட்டரைத் திட்டினாள். ஜாவாவைக் கண்டுபிடித்தவனைத் திட்டினாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். அவளுடைய கிளாஸ் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வியாபாரி மாதிரியே, எட்டிப் பார்த்ததையெல்லாம் தொலைத்துக்கொண்டிருந்தது. ஏலத்தில் தட்டில் சாம்பிள் வரும். வியாபாரி அள்ளிப் பார்ப்பார், முகர்வார், தரையில் வீசிவிடுவார். ஏலம் முடிவதற்குள் காலடியெல்லாம் ஏலக்காய் நெரியும். பிறந்ததிலிருந்து அதையே பார்த்தவளுக்கு, பார்ப்பதென்றால் எறிவது என்றே மண்டையில் ஏறிவிட்டது போல.

சரி, எறியாமல் கையிலேயே வைத்துக்கொள்வோம் என்று மாற்றினாள். தொடங்கும்போதே முதல் சரக்கை எடுத்துக் கையில் வை. காட்டச் சொன்னால் காட்டு. கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிட்டு, பின்னால் இன்னும் இருந்தால் அடுத்ததை எடு. பத்துக்குப் பத்தும் வந்தது. நாலரைக்கே அனுப்பிவிட்டாள். இன்னொரு தடவை சோதிக்க அரைமணி கிடந்தது; அம்மணியோ பெங்களூர்க் குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்று அம்மாவிடம் விசாரிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பதில் வந்தது. பதினெட்டு சோதனையில் பதினேழு சரி. ஒன்றில் மட்டும் காலி வரிசையைக் கொடுத்திருந்தார்கள். புரோகிராம் குப்புற விழுந்திருந்தது. எல்லாம் சரியாக வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்களாம். வருந்துகிறார்களாம்.

அப்பா ஜெபமணி தராசை விட்டு எழுந்து வந்து என்ன ஆச்சு என்றார். உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும் முதல் சரக்கை எடுக்கப் போய்விட்டது என்றாள்.

“இருக்கான்னு பாக்காமயா கைய விட்ட?”

“ஒவ்வொண்ணுக்கும் பாத்தேம்ப்பா. மொதலுக்குத்தான் பாக்கல.”

அவர் கம்ப்யூட்டர் திரையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, “கம்பெனிக்காரக வேலையில சேர்ற தேதியத் தள்ளி வச்சிருக்காகன்னு சபையில நானே சொல்லிக்கிறேன்த்தா,” என்றார்.

அவளுக்கு அது வெல்லமாக இருந்தது. சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அப்பா இதுவரை சபையில் பொய் சொன்னதில்லை. தன் வாய்க்கொழுப்புக்கு அவரையும் இழுத்துவிட வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்கே அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவளே எழுந்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த நல்ல வாக்கியம் எதுவும் வரவில்லை.

“வேலை கெடைக்கல. போன வாரமும் கெடைக்கல. நாந்தான் பொய் சொன்னேன்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யார் என்ன சாட்சி சொன்னாலும் முடிந்ததும் சொல்லிப் பழகிய வாய்கள் அல்லவா? சபை மொத்தமும் ஒரே குரலில் “ஸ்தோத்திரம்” என்றது. அதில் அப்பாவின் குரல்தான் சத்தமாகக் கேட்டது. ஜெஸ்லினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.