பிரித்தே பார்க்காத புடவை

பெக்கான் நானாஸ் ஊர் உமாதேவி என்னிடம் இணையத்தில் வாங்கிய கடுகு நிறப் பட்டுப்புடவை பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, அது என்னைவிட நன்றாக ஊர் சுற்றியிருந்தது. பொட்டலத்தைத் திறந்ததும் மல்லிகை, வியர்வை, பிரட்டல் கறி. ஒரு கல்யாண மண்டபத்தையே மடித்து அனுப்பியிருந்தாள். நான் நூலில் கட்டிய விலை அட்டை இப்போது ஊசியில் தொங்கியது. புகாரில் காரணம் எழுதியிருந்தாள்: "கலர் வேற. பிரிச்சுக்கூட பாக்கல."

பிரிக்காமலே கலர் எப்படித் தெரிந்தது என்று கேட்கக் கூடாது. வாடிக்கையாளர் அல்லவா.

டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போகிறவனுக்காவது நெஞ்சு படபடக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை. என் புடவையில் மொய் வைத்து, படம் எடுத்து, பந்தியில் உட்கார்ந்து, ஏப்பம் விட்டு, திங்கட்கிழமை புகார் எழுதுவார்கள். இடையில் கோயிலுக்கும் போய் வருவார்கள்.

இன்னொரு புகாரில் தோற்றால் தீபாவளி முடியும்வரை என் கடையை மூடிவிடுவதாக, நான் புடவை விற்கும் செயலி எச்சரித்திருந்தது. அந்தத் தீபாவளியை நம்பித்தான் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தேன். தீர்ப்புச் சொல்லப்போவது எங்கோ இருக்கும் ஓர் அதிகாரி. செயலிக்குள் நாங்கள் எழுதிக்கொள்வதும் அனுப்பும் படங்களும்தான் அவருக்குச் சாட்சி.

சிங்கப்பூரில் அன்றைய வேலை முடிந்து பைக்கில் வந்த அண்ணன் ஹேமநாதன், ஹெல்மெட்டின் கண்ணாடியை மட்டும் தூக்கிப் புடவையை முகர்ந்தான்.

"அலமாக்! மட்டன் பிரட்டல் லா, ஷர்மினி."

"சிரிக்காதண்ணே. இத எப்படிக் காட்டுறது?"

"போட்டோல வாசன வராது. கட்டுனேன்னு அவளே சொன்னாத்தான் உண்டு. சொல்லுவாளா?"

புடவையை மடியில் போட்டுக்கொண்டு அவளைக் கற்பனை செய்தேன். கண்ணாடி முன் நிற்கிறாள். விலை அட்டையை இடுப்புக்குள் செருகுகிறாள். அதற்கு முன்? எங்கள் வீடுகளில் புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் உடுத்துவதில்லை. ஏமாற்றப் போகிறவளும் வைத்திருப்பாள், மங்களத்தில் குறை வந்துவிடக் கூடாதே. ஆனால் கடுகு நிறத்தில் மஞ்சளை எங்கே தேடுவது? எல்லா ஓரத்தையும் புரட்டினேன். கண்ணுக்குத் தெரியவில்லை.

செயலியில் எழுதினேன்: "அக்கா, புடவை வந்துருச்சு. ஆனா மனசு கேக்கல. கல்யாணத்துக்குப் போயி, ஒரு பொட்டு மஞ்சள்கூட வைக்காமலா புதுப்புடவை கட்டுவீங்க? உங்க வீட்ல சொல்லித் தரலியா?"

பதில் பறந்து வந்தது.

"ஏய், யாரப் பாத்து என்ன கேக்குற? எங்க வீட்ல மஞ்சள் வைக்காம ஒரு கைக்குட்டைகூட எடுக்க மாட்டோம்! முந்தானை ஓரத்துல, குஞ்சத்துக்கு மேல வச்சுத்தான் கட்டுனேன். கண்ண நல்லாத் தொறந்து பாரு!"

திறந்து பார்த்தேன். நகத்தளவு, சொன்ன இடத்திலேயே இருந்தது. படம் எடுத்து, அவளுடைய பதிலுக்குக் கீழேயே போட்டேன்.

அந்தப் பக்கம் எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தது. கடைசியில், "சும்மா கோவத்துல சொன்னேன் தங்கச்சி" என்று வந்தது. கோபத்தில் எல்லாரும் பொய் சொல்வார்கள்; இவள் மட்டும் உண்மை சொல்கிறாள்.

அதிகாரி புகாரைத் தள்ளுபடி செய்தார்; பணம் எனக்கு, புடவை அவளுக்கு. கடை பிழைத்தது. அண்ணன், மஞ்சளுக்கு மாலை போட வேண்டும் என்றான்.

வெட்கப்பட்டு ஒதுங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். என் கற்பனை அங்கே தோற்றது. மறுநாளே எழுதினாள்: "அப்ப புடவைய அனுப்பிரு. ஞாயித்துக்கிழம வளைகாப்பு இருக்கு. நல்லா அயர்ன் பண்ணி அனுப்பு."

வந்தபடியே பொட்டலத்தில் திணித்தேன், பிரட்டல் வாசனையோடு, ஊசியோடு.

"அனுப்பிட்டேன் அக்கா," என்று எழுதினேன். "மஞ்சள் ஏற்கனவே வச்சாச்சு. அப்படியே கட்டிக்கலாம்."