உத்திரத்துக்கு மேலே ஒரு பொந்து

செவ்வாய் மதியம் ‘மூன்று லாடம்’ பப்பில் இருந்தவர்கள்: குளிர்காயும் கணப்பின் இடப்பக்கப் பெஞ்சில் கொத்தனார் ஜெத்ரோ. வலப்பக்கத்தில், வழக்கமாக யாரும் உட்காராத பெஞ்சில், ஊராட்சி எழுத்தரான நான். மாடிப்படியின் கீழ்ப்படியில், வழியை அடைத்தபடி, பப்பை நடத்தும் மேவிஸ். அவள் மகள் ஹெட்டி, ஐந்து வயது, மாடியில் காய்ச்சலில் கிடந்தாள்.

அந்தக் கணப்புக்குள் நான்கு பேர் நிற்கலாம். அதன் வாயைத் தாங்கும் ஓக் உத்திரத்துக்கு மேலே, புகைக்கூண்டின் உள்சுவரில், ஒரு செங்கல் அளவுக்குப் பொந்து. போன மாதம் சுவரைப் பூசும்போது ஜெத்ரோ அதற்குள் ஒரு குழந்தையின் வலது கால் ஷூவைக் கண்டெடுத்தார். புகைக்கூண்டு வழியாகக் கெட்டது எதுவும் வீட்டுக்குள் இறங்காமலிருக்க அந்தக் காலத்தில் வைத்தது. நான் அதை அளந்து, எண்ணிட்டு, மாவட்ட அருங்காட்சியகத்துக்கு அனுப்பினேன். ரசீதும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கல்தரையில் சாம்பல் தடங்கள். இடது காலில் ஷூ, வலது கால் வெறுங்கால். துடைத்தால் போய்விடும். அடுத்த மதியம் மறுபடி வரும், ஓர் அடி கூடுதலாக. இன்று கடைசித் தடம் மேவிஸின் காலடியில் இருந்தது.

“எழுத்தரே, அத அங்கயே விட்டிருந்தா உங்க நோட்டு அழுதிருக்குமா?” என்றார் ஜெத்ரோ.

“செங்கல் வச்சு அடைச்சிரலாமே?” என்றேன்.

“மூணு தடவ அடைச்சாச்சு. காலைல செங்கல் தரையில கெடக்கு. மிதிச்சுத் தேஞ்ச ஷூதான் வேணும் அதுக்கு.”

மேவிஸ் ஹெட்டியின் ஷூ ஒன்றை எடுத்து நீட்டினாள். “இத வைங்க.”

“வேணாம் தாயி. யாரோட ஷூ உள்ள இருக்கோ, அவங்க பின்னாடிதான் அது போகும்.”

“அப்போ அது மாடி ஏறினா, காய்ச்சல்ல கெடக்குற புள்ளைய நான் எங்க தூக்கிட்டுப் போவேன்?” அவள் குரல் உயரவில்லை.

நான் காகிதத்தை எடுத்தேன். ‘ஐயா, பதிவு எண் 41, குழந்தைக் காலணி, ஒன்று. இன்றே திருப்பி அனுப்பக் கோருகிறேன். காரணம்:’ வெகுநேரம் பேனா நின்றது. ‘அனுப்பியது என் தவறு’ என்று முடித்துக் கையெழுத்திட்டேன்.

“வந்து சேர நாலு நாளாகும். அதுவரைக்கும்?” என்றாள் மேவிஸ்.

என் வலது ஷூவைக் கழற்றினேன். பதினோரு வருடம் தேய்ந்தது. ஜெத்ரோ என் முகத்தைப் பார்த்தார். ஷூவை வாங்கிப் பொந்தில் திணித்தார்.

உறையை ஒட்டிக்கொண்டு தெருவைக் கடந்தேன். கடிதம் தபால்பெட்டிக்குள் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். பப் வாசலிலிருந்து என் தடங்கள் சாம்பலாய் வந்திருந்தன: ஒன்று ஷூ, ஒன்று வெறுங்கால். அவற்றை ஒட்டியே, சின்னதாக, இன்னொரு ஜோடி.