மூன்றாம் பெட்டி

"'பிழை முழுக்க என்னுடையது.' இதோட முடிச்சிடலாமாப்பா?"

மகள் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். பிராணவாயு முகமூடிக்குள் அப்பாவின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல உயர்ந்து இறங்கியது. ஆமாம்.

மூன்று நாளாக இப்படித்தான், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதும் அந்தக் கடிதம் வளர்ந்தது. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து வேலை பார்ப்பவளுக்கு, அடுத்தவர் சொல்வதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுவது பழக்கம்தான். சொல்பவர் மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டே எழுதியதில்லை.

ஆய்வுக்கூடத்தில் அப்பா ஒண்டிக்கட்டையாகக் கிடந்த பன்னிரண்டு வருடத்தில் எழுதியது நாலே கட்டுரை. சீந்த ஆளில்லை. பிறகு ஒரு மாநாட்டில் கொக்கு மாமா வந்து ஒட்டிக்கொண்டார். நீளக் கால், நீளக் கழுத்து. பெயர் வைத்தது அப்பாதான். அவருக்கு வாய், அப்பாவுக்குக் கை. ஆறே வருடத்தில் முப்பது கட்டுரைகள். அதில் ஒன்று, குடிநீரிலிருந்து ஈயத்தைப் பிரிக்கும் சவ்வைப் பற்றியது. ஐந்து நாடுகளில் பதினாலு பேர் சேர்ந்து எழுதியது. அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதை நம்பி இரண்டு ஊர்களில் குழாயில் வடிகட்டி மாட்டப்போகிறார்கள்.

போன மாதம்தான் அப்பா, சோதனைக்குப் பெட்டி பெட்டியாக வந்த நீரில் மிச்சம் வைத்திருந்த குப்பிகளை மறுபடி அளந்து பார்த்தார். மூன்றாம் பெட்டியில் வந்த நீரில் ஈயம் இல்லை. சவ்வு தடுக்காத உப்பும் இல்லை. எதுவுமே இல்லை. சவ்வில் வடிந்த நீர் என்று சீட்டு ஒட்டியிருந்த குப்பிகளில் இருந்தது வெறும் காய்ச்சி வடித்த நீர். ஈயத்தைத் தவிர வேறெதையும் அன்று அளந்து பார்க்காமல் விட்டது யார் என்று தன்னையே கேட்டுக்கொண்டு படுத்தவர்தான், எழவில்லை.

கதவு திறந்தது. கொக்கு மாமா, பயணப்பெட்டியும் கையுமாக. விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறார்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல."

"அனுப்பாதே."

அவள் மடிக்கணினியைப் பட்டென்று மூடினாள். "பதினாலு பேர் பொழப்பு போயிடும்னு பயமா மாமா?"

"அதுவும்தான். என்கிட்ட மூணு பிள்ளைங்க இந்தக் கட்டுரைய வச்சுத்தான் பட்டம் வாங்கப்போறாங்க. பொய் சொல்ல மாட்டேம்மா. தடுக்கணும்னுதான் விமானம் ஏறினேன்."

"இப்போ?"

அவர் பயணப்பெட்டியைக் கீழே வைத்தார். கட்டிலருகே போய்க் குனிந்தார்.

"இங்க பாருடா. அந்தப் பெட்டியக் கட்டினது யாரு? நான்தானே? என் பையனுக்குக் காய்ச்சல்னு அவசரத்துல சீட்டு ஒட்டினது இந்தக் கைதானே? நீ எதுக்குடா எல்லாத்தையும் உன் தலையில போட்டுக்குற?"

அப்பாவின் கண் திறந்தது. விரல் உயர்ந்தது. ஆமாமா, வேண்டாமா என்று தெரிவதற்குள் படுக்கையில் விழுந்தது. தலைமாட்டில் இருந்த கருவி கூவத் தொடங்கியது.

செவிலி ஓடிவந்தார், பின்னாலேயே மருத்துவர். இருவரையும் சுவரோரம் தள்ளி நிறுத்தினார்கள். மகள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் எல்லாரும் வேகமாக இயங்கினார்கள், அப்புறம் மெதுவாக. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். பகல் இரண்டு பத்து.

சன்னலுக்கு வெளியே யாரோ காரை எடுக்க முடியாமல் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தக் கடைசி வரிய மாத்திடும்மா," என்றார் மாமா. "'என்னுடையது'ங்கறத எடுத்துட்டு என் பேரைப் போடு."

"முடியாது மாமா."

"அவன் செய்யாத தப்பும்மா!"

"அப்பா சொன்னது அது. ஒரு எழுத்த நான் தொட மாட்டேன்."

"அப்போ இதான் அவன் கடைசி வார்த்தைன்னு ஊரெல்லாம் அவனத் தூத்தட்டுமா?"

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மடிக்கணினியைத் திறந்தாள். அப்பாவின் பெயருக்குக் கீழே இரண்டு வரி இடம் விட்டாள்.

"உங்களுக்குச் சொல்லணும்னா உங்க வாயால சொல்லுங்க. கீழ தனியா எழுதிக்கிறேன்."

மாமா அவளைப் பார்த்தார். மேடை ஏறினால் மணிக்கணக்கில் பேசுகிறவர், தொண்டையைச் செருமினார். இன்னொரு தடவை செருமினார்.

"மூன்றாம் பெட்டியை... கட்டியவன் நான்."

அவள் தட்டச்சு செய்தாள். எழுத்து பிசகவில்லை.

"சீட்டுகளை ஒட்டியவனும் நான். மறுபடி சரிபார்க்காமல் அனுப்பினேன்."

செவிலி போர்வையை முகம்வரை இழுத்துவிட்டுப் போனார். மருத்துவமனைப் போர்வை, நீளம் போதவில்லை. பாதங்கள் இரண்டும் வெளியே தெரிந்தன. மாமா மேல்கோட்டைக் கழற்றி அவற்றின்மேல் போட்டார். நழுவியதை மறுபடி இழுத்துச் செருகினார்.

"எழுதிட்டியா?"

"ம்."

"அடுத்த வரி," என்றார், கோட்டிலிருந்து கையை எடுக்காமல்.