காப்பியில் கலந்த பொடி

மத்தியாஸ் பச்சை ஏலக்காயை வாய் நிறையத் திணித்து மென்றுகொண்டிருந்தான். நாக்கு எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. நிறுத்தவில்லை. ரோட்டோரத் தோட்டத்து வேலிக்குள் கையை விட்டு, செடியின் அடியிலிருந்து இன்னொரு கொத்தைப் பறித்து வாயில் போட்டான்.

பத்தடி பின்னால் அவன் ஓட்டி வந்த ஜீப் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. காலைப் பனிமஞ்சு இன்னும் விலகவில்லை. ஏலத்தோட்டத்துக்குக் களையெடுக்கப் புறப்பட்ட எட்டுப் பெண்கள் உள்ளே அலறிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே... மத்தியாசண்ணே... காலு மாட்டிக்கிச்சுண்ணே!”

ஞானஜோதியின் குரல். அரை மணிக்கு முன்னால் இதே குரல்தான் அவனைக் கேலி பண்ணியது. “வண்டிக்கு டீசல் ஊத்தியாச்சு. அண்ணனுக்கு ஊத்தியாச்சா?” ஜீப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

ஒளித்துச் செய்கிற காரியமா அது? காலையில் அரை கிளாஸ் உள்ளே போகாவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற கை தந்தியடிக்கும். போனால்தான் நிற்கும். கம்பம்மெட்டுத் தோட்டக் குடியிருப்பு லயங்களில் இது தெரியாத ஆளில்லை.

ஆனால் போலீசுக்குத் தெரியக் கூடாது. ஓடிப் போய் அந்தக் காலை விடுவிக்க வேண்டிய கை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவன் ஜீப்பின் பக்கம் திரும்பினான்.

ஏலக்காயெல்லாம் எடுபடுமா? ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். கேரளப் போலீஸ் ஏட்டு சங்கையா கட்டிலோரம் வந்து நின்றார். குமுளியில் பிறந்து வளர்ந்த தமிழர். காக்கிச் சட்டைக்குள் அரைத் தமிழும் அரை மலையாளமுமாக இருப்பவர்.

“ஏலக்காயா மணக்குறியேய்யா. பாயாசமா காய்ச்சுன? ரிசல்ட்டு வர்றதுக்குள்ள நீயே சொல்லிரு.”

“கொஞ்சம் குடிச்சிருந்தேன் சார். ஆனா அதனால இல்ல. வளைவுல திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுச்சு. கண்ணு இருட்டிருச்சு. அப்புறம் என்ன நடந்துச்சுன்னே தெரியல.”

கால்மாட்டில் நின்ற அவன் மனைவி இருதயம்மாளின் முகம் வெளுத்துப் போனது. அப்படியே வெளியே போனாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவன் போனபோது இருதயம்மாள் அங்கே முன்னாடியே இருந்தாள். ஏட்டின் மேஜை மேல் ஒரு காகிதப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளே வெள்ளைப் பொடி.

“உன் சம்சாரம் மொழி குடுக்க வந்திருக்கா. உக்காந்து கேளு” என்றார் சங்கையா. வாக்குமூலத்துக்கு அந்த ஸ்டேஷனில் மொழி என்றுதான் பேர்.

இருதயம்மாள் அவனைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தே பேசினாள்.

“நாந்தான் சார் காரணம். கம்பத்துல ஒரு கடையில இதைக் குடுத்தாங்க. குடிக்கிறவருக்குத் தெரியாம காப்பியில கலக்கிக் குடு, தன்னால வெறுத்துப் போகும்னாங்க. இதுக்கு மேல சாராயத்தைக் குடிச்சா நெஞ்சு படபடக்கும், கண்ணு இருட்டும்னும் சொல்லித்தான் குடுத்தாங்க. நான் அதைக் காதுல போட்டுக்கல. பத்தொம்பது நாளா கலக்குறேன். காப்பியைச் சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சாரு. மாதாவே கண்ணைத் தொறந்துட்டான்னு நெனச்சேன் சார்...”

பொட்டலத்தை ஏட்டின் பக்கம் தள்ளினாள்.

சங்கையா பேனாவை மூடி நாற்காலியில் சாய்ந்தார். “மத்தியாசு, உனக்கு யோகம்தான்யா. தானா குடிச்சிட்டு ஓட்டுனவனுக்குச் சட்டத்துல மாப்பு கெடையாது. போதை இல்லாட்டி கை நடுங்குது, அது ஒரு வியாதின்னு நீ சொல்லலாம். சரி, வியாதிதான். வியாதிக்காரனை எவன்யா ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னான்னு கோர்ட்டுல கேப்பாங்க. ஆனா தெரியாமக் குடுத்த மருந்துனால ஒருத்தன் நெனவு தப்பியிருந்தா, கதை மாறிரும்.” பேனாவால் இருதயம்மாளைக் காட்டினார். “கேசுல குடுத்தவதான் பிரதி. குத்தவாளிக் கூண்டுல இவ நிக்கணும்.”

“நிக்கிறேன் சார்” என்றாள் அவள்.

மத்தியாசுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. லைசென்ஸ் தப்பும். ஜெயில் தப்பும். வெட்கம் அதற்குப் பின்னால் மெதுவாக, நொண்டிக்கொண்டு வந்தது.

மேஜைப் போன் அடித்தது. ஏட்டு எடுத்து, கேட்டு, வைத்தார்.

“ஞானஜோதிக்குக் கால முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்களாம். மயக்கம் தெளிஞ்சதும் அது கேட்ட மொத கேள்வி என்ன தெரியுமா? அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலையேன்னு.”

வாசலில் ஏலக்காய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சங்கையா மொழி எழுதிய காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தார். “ஒரே கேள்விதான். பொடி கலந்தது உனக்குத் தெரியாது. அப்படித்தானே? ஆமான்னு சொல்லு. ஒப்புப் போட்டுட்டு ஊட்டுக்குப் போ.”

“தெரியாது சார், அவருக்கு எப்படித் தெரியும்?” என்று இருதயம்மாள் முந்திக்கொண்டாள். “போடுங்க, ஏங்க. வெரசாப் போடுங்க.”

பேனாவை வாங்கினான். கை நடுங்கியது. நேற்றுக் காலையிலிருந்து ஒரு சொட்டு இறங்காத கை. அவள் அந்த நடுக்கத்தைப் பார்த்தாள். தன் பொடி செய்த கேடு என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

“கண்ணு இருட்டல சார்.”

“என்னய்யா?”

“நெஞ்சும் அடிக்கல. எல்லாம் நான் கட்டுன பொய்யி. சீட்டுக்கு அடியில பாட்டில் உருண்டுச்சு. எடுக்கக் குனிஞ்சேன். நிமிந்தப்போ ரோடு இல்ல.”

“ஏங்க, எனக்காகப் பொய் சொல்லாதீங்க” என்று இருதயம்மாள் பதறினாள். “பத்தொம்பது நாளு குடிச்சிருக்கீங்க. வயித்துக்குள்ள போன மருந்து சும்மா இருக்குமா?”

மத்தியாஸ் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

“உள்ள போகல புள்ள. நீ கலக்குன மொத நாளே கதவிடுக்குல நான் பாத்துட்டேன். பத்தொம்பது நாளும் பின்னாடி சாக்கடையில ஊத்திட்டு, வெறும் டம்ளரை ஓங்கிட்ட நீட்டித்தான், காப்பி ஜோரா இருக்குன்னு சொன்னேன்.”